கொதிக்கும் பாட்டரி

கடற்கரைச் சிற்றூர்களில் வாழும் மாணவர்களுக்கு அவுட்போர்டு எஞ்சின் புதிய பொருளன்று. படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் எஞ்சின் அது. தலைப்பகுதியில் எஞ்சின், அதன்கீழ் நீண்ட தண்டு, நீருக்குள் சுழலும் விசிறி ஆகிய மூன்றும் ஒரே உடலாக அமைந்தவை. சிறிய எஞ்சினாக இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் மில்வாக்கி நகரில் இத்தகைய எஞ்சின்களை விற்கத் தொடங்கினார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. ஆயினும் இது பரவலாக மக்கள் கைக்கு வந்தது அவர் காலத்திலிருந்துதான் எனலாம்.

சிறிய எஞ்சினைக் கயிற்றை இழுத்துக் கிளப்புவர். பெரிய எஞ்சினைக் கைவலுவால் கிளப்புவது கடினம். ஆகவே காரில் இருப்பதுபோல் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரும், அதை இயக்க 12 வோல்ட் பாட்டரியும் வைக்கப்படுகின்றன. விளக்குகள், ஜி.பி.எஸ். கருவி, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி, கரையோடு பேசும் வானொலி ஆகியவையும் அந்தப் பாட்டரியையே நம்பியிருக்கின்றன. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், இரவில், பாட்டரி செயலிழந்தால் படகில் இருப்பவர் நிலை என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாட்டரியைப் பற்றிய புகார்கள் இரண்டு வகை. 'சார்ஜ் ஏறவில்லை' என்பது ஒன்று. 'கொதிக்கிறது' என்பது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் உடனே கவனிப்பர், எஞ்சின் கிளம்பாதல்லவா? இரண்டாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 'சார்ஜ் நன்றாக ஏறுகிறது, அதுதான் கொதிக்கிறது' என்று மகிழ்வோரையும் நான் கண்டிருக்கிறேன். உண்மையில் இரண்டாவது நோயே கொடியது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க உங்கள் இயற்பியல், வேதியியல் பாடங்களில் உள்ளவை தவிர வேறெதுவும் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர் மட்டும் வேண்டும்.

கொதிப்பது எது?

படகில் பெரும்பாலும் பயன்படுவது ஈய-அமில பாட்டரி. பிரெஞ்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய மின்கலமே இதன் மூதாதை. இதில் நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடும், எதிர்த்தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும், இடையே நீர்த்த கந்தக அமிலமும் உள்ளன. மின்னோட்டம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் ஈய சல்பேட் மறைந்து தகடுகள் பழைய நிலையை அடைகின்றன; அமிலத்தின் அடர்த்தி மீண்டும் உயர்கிறது. இதுவே சார்ஜ் செய்தல். ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறு கலங்களைத் தொடராக இணைத்து நாம் '12 வோல்ட் பாட்டரி' என்கிறோம். முழுமையாகச் சார்ஜ் ஆனபின் ஓய்வில் அது 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும்.

இப்போது ஒரு கேள்வி. தகடுகளில் மாற்றுவதற்கு ஈய சல்பேட்டே இல்லாதபோதும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் அது எதைச் செய்யும்? சும்மா போகாது. தகடுகளிடம் வேலை இல்லையென்றால் நீரிடம் போகும். அமிலத்தில் உள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். பள்ளி ஆய்வகத்தில் வோல்டாமீட்டரில் நீங்கள் பார்த்த மின்னாற்பகுப்பேதான் இது. கலம் ஒன்றுக்கு 2.4 வோல்ட், அதாவது பாட்டரி முழுமைக்கும் 14.4 வோல்ட் அளவைத் தாண்டும்போது குமிழ்கள் மிகுதியாக எழத் தொடங்குகின்றன. ஆக, நாம் 'கொதிக்கிறது' என்பது கொதித்தலே அன்று. 100 டிகிரி வெப்பம் அங்கே இல்லை. வாயுக் குமிழ்களின் கொந்தளிப்பே அது.

எவ்வளவு நீர் போகும்? ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகளைக் கொண்டு கணக்கிடலாம். 96,500 கூலும் மின்னூட்டம் 9 கிராம் நீரைப் பிரிக்கும். 1 ஆம்பியர் மணி என்பது 3,600 கூலும். ஆகவே 1 ஆம்பியர் மணிக்கு ஒரு கலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராம் நீர் போகிறது. ஆறு கலங்களும் தொடராக உள்ளதால் ஒவ்வொன்றிலும் இதே அளவு. மொத்தம் 2 கிராம். முழுச் சார்ஜ் ஏறிய பாட்டரியில் 4 ஆம்பியர் மிகை மின்னோட்டம் 6 மணி நேரம் பாய்ந்தால் 24 ஆம்பியர் மணி. இழந்த நீர் 48 கிராம். பத்து இரவுகளில் அரை லிட்டர்! தகடுகளின் மேற்பகுதி வெளியே தெரியும். காற்றுபட்ட பகுதி கெட்டு, மீண்டும் நீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

இதைவிட அஞ்ச வேண்டியது வாயுவைத்தான். அதே 1 ஆம்பியர் மணிக்கு ஆறு கலங்களிலிருந்தும் சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றும் நிலை உண்டாகிறது. உப்புநீர் தெறிக்காமலிருக்க மீனவர்கள் பாட்டரியை மூடிய பெட்டிக்குள் வைப்பதுண்டு. பெட்டியில் 50 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். 4 விழுக்காடு என்றால் 2 லிட்டர் ஹைட்ரஜன். 4 ஆம்பியர் மிகை மின்னோட்டத்தில் அதை உண்டாக்கப் பன்னிரண்டே நிமிடங்கள் போதும்! பிறகு ஒரு தளர்ந்த முனையிலிருந்து சிறு பொறி எழுந்தாலும் பெட்டி வெடிக்கும். அமிலம் முகத்தில் தெறிக்கும். பாட்டரிப் பெட்டியின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது; மேலேதான் தேங்கும்.

காந்தமும் கம்பிச்சுருளும்

மின்னாற்பகுப்பு விதிகளைத் தந்த மைக்கேல் ஃபாரடேதான் 1831இல் மின்காந்தத் தூண்டலையும் கண்டறிந்தவர். பாட்டரிக்குள் நடப்பது அவருடைய ஒரு கண்டுபிடிப்பு என்றால், எஞ்சினுக்குள் நடப்பது மற்றொன்று.

அவுட்போர்டு எஞ்சினின் உச்சியில் ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதன் உட்புற விளிம்பில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு உள்ளே அசையாமல் ஓர் இரும்புச் சட்டமும் அதன்மேல் செம்புக் கம்பிச்சுருள்களும் உண்டு. காந்தங்கள் சுருள்களைக் கடந்து விரையும்போது சுருளில் மாறுதிசை மின்னோட்டம் தூண்டப்படுகிறது. டையோடுகளாலான திருத்தி அதை ஒருதிசை மின்னோட்டமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது.

தூண்டப்படும் மின்னியக்கு விசை, காந்தப்பாயம் மாறும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 15 வோல்ட் தரும் சுருள் 5,000 சுற்றில் 75 வோல்ட் தர வேண்டும். பாட்டரியும் விளக்குகளும் நொடியில் கருகிப்போக வேண்டுமே? ஏன் அவ்வாறு நிகழ்வதில்லை?

இதற்கு விடை காண ஒரு பழைய பொருளை நினைவுபடுத்துகிறேன். உங்கள் தாத்தா வைத்திருந்த சைக்கிளில், டயரை உரசிச் சுழலும் டைனமோ ஒன்று இருந்திருக்கலாம். வீட்டில் அது இன்னும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்; அருமையான ஆய்வுக் கருவி. அதிலும் நிலைக்காந்தமே சுழல்கிறது. மேட்டில் மெல்ல மிதிக்கும்போது விளக்கு மங்கலாகவும், சமதரையில் நன்றாகவும் எரியும். சரிவில் சைக்கிள் இருமடங்கு வேகத்தில் ஓடும்போது மின்னோட்டமும் இருமடங்காகி பல்பு போய்விட வேண்டும். ஆனால் வெளிச்சம் சற்றே கூடுவதோடு சரி.

காரணம் சுருளின் தன்மின்தூண்டல். மாறுதிசை மின்னோட்டத்தைச் சுருள் எதிர்க்கிறது. மின்மறுப்பு எனப்படும் இந்த எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. வேகம் இருமடங்கானால் மின்னியக்கு விசையும் இருமடங்கு. அதிர்வெண் இருமடங்காவதால் மின்மறுப்பும் இருமடங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும்! குறைந்த வேகத்தில் சுருளின் சாதாரண மின்தடையே மேலோங்கியிருப்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. வேகம் கூடக்கூட மிக நன்றாகப் பொருந்தும்.

ஆகவே எஞ்சினில் உள்ள இந்த மின்னாக்கி, 'இத்தனை வோல்ட்' என்று தருவதில்லை; 'இத்தனை ஆம்பியர்' என்று தருகிறது. அந்த மின்னோட்டத்தைப் பெறுவோர் யார், எத்தனை பேர் என்பது அதற்குக் கவலையில்லை. சைக்கிளில் முன்விளக்கு பியூஸ் போனால் அடுத்த நிமிடமே பின்விளக்கும் போய்விடுவதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். முன்விளக்கு வாங்கிக்கொண்டிருந்த மின்னோட்டமும் சேர்ந்து பாவம், சிறிய பின்விளக்கின் தலையில் விழுகிறது. படகிலும் அதுவே. பாட்டரி வெறுமையாக இருந்தால் வரும் மின்னோட்டத்தை ஆவலுடன் ஏற்கும். நிறைந்துவிட்டால், ஏற்க மறுக்கும் பாட்டரிக்குள்ளும் அதே மின்னோட்டம் திணிக்கப்படும். மின்னழுத்தம் 14, 15, 16 என்று ஏறும். நீர் பிரியும்.

ஆகையால் ஒரு காவலாளி தேவைப்படுகிறான். அவனே ரெகுலேட்டர்.

கார் எஞ்சினில் காவல் எளிது. அங்கே சுழல்வது மின்காந்தம். அதன் மின்னோட்டத்தைக் குறைத்தால் காந்தம் வலுவிழக்கும், உற்பத்தி குறையும். ஃப்ளைவீலில் உள்ள நிலைக்காந்தத்தை அப்படி வலுவிழக்கச் செய்ய முடியாது. எஞ்சின் ஓடும்வரை சுருளில் உற்பத்தி நடந்தே தீரும். எனவே அவுட்போர்டு ரெகுலேட்டர்களில் பல ஒரு விந்தையான வழியைக் கையாளுகின்றன. பாட்டரியின் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை ஒட்டி வந்ததும், தைரிஸ்டர் எனும் குறைகடத்திச் சாதனத்தின் வழியே சுருளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகின்றன. அதாவது வேண்டுமென்றே குறுக்குச் சுற்று! வீட்டு மின்கம்பிகளில் இதைச் செய்தால் தீப்பிடிக்கும். இங்கே ஏன் பிடிப்பதில்லை என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். மின்மறுப்பு மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. குறுக்குச் சுற்றிலும் அது சற்றே கூடுமேயன்றி எல்லை மீறாது. ஆயினும் சுருள் எந்நேரமும் சூடாகவே இருக்கும். ஆகவே சுற்றைத் திறந்து மூடும் வேறுவகை ரெகுலேட்டர்களும் இன்று வந்துள்ளன.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றக் கூடாது என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பதன் பொருளும் இங்கே விளங்கும். 'பாட்டரி இல்லாமலும் எஞ்சின் ஓடுகிறதா பார்ப்போம்' என்று சிலர் இதைச் சோதனையாகவே செய்கிறார்கள். மின்னோட்டத்தை ஏற்க ஆளில்லாமற்போனால் சுருளின் மின்னழுத்தம் திடீரெனப் பல மடங்கு உயர்ந்து, டையோடுகளையும் ரெகுலேட்டரையும் துளைத்துவிடக்கூடும். நோயைச் சோதிக்கப்போய் நோயை உண்டாக்கும் சோதனை அது.

எங்கே அளப்பது?

பாட்டரி கொதிக்கிறது என்றால் ரெகுலேட்டரை மாற்றிவிடுவதே பொது வழக்கமாக இருக்கிறது. பல சமயம் அது சரியாகவும் அமையும். எனினும் அளக்காமல் மாற்றுவது மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் பாட்டரியை ஓய்வில் விட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் இருந்தால் பாட்டரி நலம் எனக் கொள்ளலாம். 10.5 வோல்ட் அருகே நின்றால் ஐயப்பட வேண்டும். ஐந்து கலங்களின் அளவு அது. ஆறாவது கலம் உள்ளுக்குள் குறுக்குச் சுற்றாகி இறந்திருக்கலாம். இந்த நிலையில் ரெகுலேட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்து 14.4 வோல்ட்டில் நிறுத்தினாலும், அந்த 14.4 வோல்ட்டை ஐந்து கலங்களே பங்கிட்டுக்கொள்கின்றன. தலைக்கு 2.88 வோல்ட்! நல்ல கலங்கள் ஐந்தும் கொந்தளிக்கும். செத்த கலம் மட்டும் அமைதியாக இருக்கும். மூடிகளைத் திறந்து பார்க்கும் வசதியுள்ள பாட்டரியில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு கலத்திலும் அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் இது ஐயமின்றித் தெரிந்துவிடும். சார்ஜ் ஏறிய கலம் 1.25க்கு மேல் காட்டும். இறந்த கலம் வெகு கீழே நிற்கும். குற்றம் பாட்டரியுடையது, பழி ரெகுலேட்டர்மேல்.

அடுத்து எஞ்சினை ஓட்டி அளக்க வேண்டும். படகு நீரில் இருக்க வேண்டும். அல்லது எஞ்சினுக்குக் குளிர்நீர் தர ஏற்பாடு வேண்டும். நீரின்றி ஓட்டினால் உள்ளே நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே தேய்ந்து கெடும். மல்டிமீட்டரின் முனைகளைப் பாட்டரியின் ஈய முனைகளிலேயே வைக்க வேண்டும். அவற்றைக் கவ்வியிருக்கும் கிளிப்புகளின்மேல் வைக்கக் கூடாது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். 13.8 முதல் 14.6 வோல்ட் வரை சென்று நின்றால் நலம். நடு வேகத்திலேயே 15 வோல்ட்டைத் தாண்டி, வேகத்தோடு மேலும் ஏறினால் காவல் தவறிவிட்டது என்பது தெளிவு.

காவல் தவறியது என்றால் காவலாளி கெட்டவன் என்று பொருளா? இங்கேதான் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவில் மட்டும் வரும் நோய்

என் மாணவன் ஒருவனுடைய சித்தப்பாவின் படகு அது. ஓராண்டில் இரண்டு பாட்டரிகள் வீணாகியிருந்தன. ரெகுலேட்டரும் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. ஆயினும் கொதிப்பு நிற்கவில்லை. எஞ்சின் முகப்பில் இருந்த வோல்ட்மீட்டரோ எப்போதும் 14.3 என்றே காட்டியது. 'மீட்டர் சரியாகக் காட்டுகிறது, பாட்டரிதான் மட்டம்' என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் மட்டும் ஒரு செய்தியை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "சார், பகல்ல போனா ஒண்ணும் ஆகறதில்ல. ராத்திரி போனாத்தான் தண்ணி குறையுது."

வேடிக்கையான கூற்று. இரவில் விளக்குகள் எரிகின்றன, மின்னோட்டம் செலவாகிறது. ஆகவே பாட்டரிக்குப் போவது குறைய வேண்டும். இங்கோ செலவு கூடும்போது வரவும் கூடுகிறது! இயற்பியல் பாடம் படித்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஆனால் படகில் பல்லாண்டு கழித்தவர் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது அதையே முதல் சான்றாகக் கொள்வதுதான் நல்லது.

பாட்டரி முனைகளிலேயே அளந்தோம். விளக்குகள் அணைந்திருந்தபோது 14.3 வோல்ட். வேலை விளக்குகள் இரண்டையும் போட்டதும் 15.6 வோல்ட்! முகப்பு மீட்டர் அப்போதும் 14.3 என்றே காட்டியது.

புதிர் இங்கே அவிழ்ந்தது. ரெகுலேட்டர் எதைக் கொண்டு பாட்டரியின் மின்னழுத்தத்தை அறிகிறது? சில எஞ்சின்களில் சார்ஜ் செல்லும் தடித்த கம்பியே செய்தியையும் தருகிறது. வேறு சிலவற்றில் இதற்கென்று தனியாக ஒரு மெல்லிய கம்பி உண்டு. அது சாவி ஸ்விட்ச் வழியாக வருகிறது. உளவுக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படகில் இருந்தது இரண்டாம் வகை. முகப்பு மீட்டரும் அதே கம்பியில்தான் இருந்தது. பின்னாளில் யாரோ ஒருவர் வேலை விளக்குகளுக்கும் அதே கம்பியிலிருந்து இணைப்பு எடுத்திருந்தார். பாட்டரிக்கும் சாவி ஸ்விட்சுக்கும் இடையிலிருந்த இணைப்பி ஒன்றில் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை பழுப்பாகி, தொட்டால் சுட்டது.

இனிக் கணக்குப் போடலாம். விளக்கு ஒன்று 30 வாட். இரண்டும் சேர்ந்து சுமார் 5 ஆம்பியர். களிம்பேறிய இணைப்பில் மின்னழுத்த இழப்பு, 15.6க்கும் 14.3க்கும் உள்ள வேறுபாடு, 1.3 வோல்ட். ஓம் விதிப்படி அதன் மின்தடை 0.26 ஓம். மிகச் சிறிய தடைதான். மல்டிமீட்டரின் ஓம் அளவுகோலில் வைத்தால் 'சரியாக இருக்கிறது' என்றே தோன்றியிருக்கும். ஆனால் அதன் வழியே 5 ஆம்பியர் பாயும்போது உளவுக் கம்பி 1.3 வோல்ட் குறைத்துச் சொல்கிறது. ரெகுலேட்டர் நேர்மையானது, தன்னிடம் வந்த செய்தி 14.3க்கு உயரும்வரை சார்ஜ் செய்கிறது. அந்தச் செய்தி 14.3 ஆகும்போது பாட்டரியில் உண்மையில் 15.6 இருக்கிறது. இணைப்பி சுட்டதற்கும் கணக்குண்டு: 1.3 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 6.5 வாட் வெப்பம். பகலில் விளக்கில்லை, உளவுக் கம்பியில் பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம், இழப்பும் இல்லை, கொதிப்பும் இல்லை.

இணைப்பியை மாற்றி, விளக்குகளுக்குப் பாட்டரியிலிருந்தே பியூஸ் வைத்துத் தனிக்கம்பி இழுத்தபின் இரவிலும் மின்னழுத்தம் 14.3லேயே நின்றது. கழற்றிப் போட்டிருந்த பழைய ரெகுலேட்டரையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் நன்றாகவே வேலை செய்தது!

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். களிம்பு எங்கே ஏறினாலும் கொதிப்பு வரும் என்பதில்லை. சார்ஜ் செல்லும் தடித்த கம்பியே செய்தியையும் தரும் எஞ்சினில், அதன் இணைப்பில் தடை கூடினால் விளைவு நேர் எதிர். ரெகுலேட்டரின் முனையில் மின்னழுத்தம் பாட்டரியைவிடக் கூடுதலாக இருக்கும். 'போதும்' என்று அது முன்னதாகவே நிறுத்திவிடும். பாட்டரி பட்டினி கிடக்கும். ஒரே உப்பு, ஒரே களிம்பு; இடத்தைப் பொறுத்து ஒரு படகில் கொதிப்பு, மறு படகில் பட்டினி. இதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே. எஞ்சின் ஓடும்போது, விளக்குகள் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மறு முனையை ஐயத்துக்குரிய இடத்திலும் வைத்து இழப்பை நேரடியாக அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இராது. சுழலும் ஃப்ளைவீல் அருகே கைநீட்டும்போது துண்டு, தளர்ந்த சட்டைக்கை முதலியன அதில் சிக்காதபடி எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வேறு சில காரணங்கள்

சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது. திருத்தி மட்டும் உண்டு. விளக்கு எரிக்கப் போதுமான சிறு மின்னோட்டமே அவற்றில் உற்பத்தியாவதால், நீர் ஊற்றும் வகைப் பாட்டரியை வைத்து, அவ்வப்போது வாலைவடி நீர் விட்டுவந்தால் தொல்லையில்லை. அதே எஞ்சினில் மூடி திறக்க முடியாத பாட்டரியை மாட்டி, முழு வேகத்தில் நாள்தோறும் பல மணி நேரம் ஓட்டினால் அது நெடுநாள் தாங்காது. இழந்த நீரைத் திரும்பத் தர வழியில்லையே! இதை எஞ்சினின் கோளாறு என்று சொல்வது முறையன்று. பொருந்தாத இணை என்றே சொல்ல வேண்டும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. சூடு ஏறும்போது நீர் பிரியத் தொடங்கும் மின்னழுத்தம் இறங்குகிறது. கலம் ஒன்றுக்கு, டிகிரி ஒன்றுக்கு, ஏறத்தாழ 4 மில்லிவோல்ட். 25 டிகிரியில் 14.4 வோல்ட் சரியென்றால், வெயிலில் காய்ந்து 40 டிகிரி ஆன பாட்டரிக்கு 14 வோல்ட்டே போதும். சித்திரை வெயிலில் திறந்த படகில் கிடக்கும் பாட்டரி, குற்றமற்ற ரெகுலேட்டருடன்கூடச் சற்று அதிகமாக நீர் குடிக்கும். நிழல் தருவதே இதற்கு மருந்து.

அண்மைக் காலத்தில் இலேசாக இருக்கிறது என்று லித்தியம் பாட்டரிகளைப் படகில் வைக்கிறார்கள். அவற்றுக்குள் ஒரு மின்னணுக் காவல் உண்டு. நிறைந்துவிட்டால் அது தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். பாட்டரிக்கு நல்லதுதான். ஆனால் எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றுவதற்குச் சமமான செயல் அது என்பதை ரெகுலேட்டரின் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். அவுட்போர்டு எஞ்சின் செய்தவர்கள் அனுமதித்த வகைதானா என்று பார்க்காமல் அதை மாட்டக் கூடாது.

கொதித்த பாட்டரியில் வேலை செய்ய நேர்ந்தால் எஞ்சினையும் விளக்குகளையும் நிறுத்தி, பெட்டியைத் திறந்து, காற்றோட்டம் தந்து சிறிது நேரம் காத்திருங்கள். பிறகு எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். கண்ணாடி அணியாமல் குனிந்து பார்க்க வேண்டாம். குறைந்த நீருக்கு ஈடாக வாலைவடி நீர் மட்டுமே ஊற்ற வேண்டும்; அமிலம் ஊற்றக் கூடாது, ஏனெனில் வெளியேறியது பெரும்பாலும் நீரே. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏறியபின் மீதியை நிரப்பலாம்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மேலே கண்ட படகில் அதே களிம்பேறிய இணைப்பின் வழியாக மூன்றாவதாகவும் ஒரு 30 வாட் விளக்கை மாட்டியிருந்தால், முகப்பு மீட்டர் என்ன காட்டியிருக்கும்? பாட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் இருந்திருக்கும்? எஞ்சினின் உற்பத்தி போதிய அளவு இருப்பதாகவும், இணைப்பின் தடை மாறவில்லை என்றும் கொள்ளுங்கள். இரண்டாவது விடை 16 வோல்ட்டைத் தாண்டினால் உங்கள் கணக்கு சரி.